திறக்கக்கூடாத அறை: அஞ்சலா காட்டரின் இருண்ட தேவதைக் கதைகள்

பிரெஞ்சுப் பிள்ளைகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கதை ஒன்று உண்டு. நீல நிறத் தாடி கொண்ட ஒரு பணக்காரன். ஏற்கெனவே பல தடவை திருமணம் செய்தவன். அந்த மனைவிமாருக்கு என்ன நடந்தது என்பது ஊரில் எவருக்கும் தெரியாது. அயல்வீட்டுப் பெண் ஒருத்தியை அவன் மணம் முடிக்கிறான். ஒரு மாதம் கழித்துப் பயணம் புறப்படும்போது வீட்டின் எல்லாத் திறப்புகளையும் அவளிடம் கொடுத்து, எந்த அறைக்கும் போகலாம், இந்தச் சின்னத் திறப்புக்குரிய அறையை மட்டும் திறக்கக்கூடாது என்கிறான். அவள் திறக்கிறாள். உள்ளே உறைந்த இரத்தம். சுவரோரம் முன்னைய மனைவிமாரின் உடல்கள். கையிலிருந்த திறப்பு இரத்தத்தில் விழுகிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் கறை போகவில்லை. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கம் தோன்றுகிறது.

திரும்பி வந்தவன் கறையைக் கண்டு அவளைக் கொல்ல வருகிறான். பிரார்த்தனை செய்ய அரைக்கால் மணி நேரம் கொடுக்கிறான். கடைசி நேரத்தில் படைவீரர்களான அவளுடைய சகோதரர்கள் இருவர் குதிரையில் வந்து அவனை வெட்டிக் கொல்கிறார்கள்.

‘நீலத்தாடி’ என்ற இந்தக் கதையை 1697இல் அச்சில் ஏற்றியவர் சார்ள் பெரோ. பிரெஞ்சு அரசவையோடு நெருக்கமான அதிகாரி அவர். கதையின் முடிவில் செய்யுள் வடிவில் ஒரு நீதியையும் சேர்த்திருந்தார். பெண்ணின் ஆவல் ஆபத்தானது, அதற்குக் கொடுக்கவேண்டிய விலை பெரிது என்பதே அந்த நீதியின் சாரம். வரிசையாகப் பெண்களைக் கொன்று அறையொன்றில் வைத்திருந்தவனைப் பற்றிய கதையில், கதவைத் திறந்து பார்த்தவளுக்கே அறிவுரை சொல்லப்பட்டது.

பெரோவின் கதைகளை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து 1977இல் வெளியிட்டவர் பிரித்தானிய எழுத்தாளர் அஞ்சலா காட்டர். அந்தக் கதைகளின் உள்ளே எது ஒளிக்கப்பட்டிருக்கிறது, எது மேலே பூசப்பட்டிருக்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் என்ற வகையில் வரிவரியாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், அவருடைய சொந்தச் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. ‘த பிளடி சேம்பர்’ என்பது அதன் பெயர். தமிழில் ‘குருதி படிந்த அறை’ என்று சொல்லலாம். நீலத்தாடி, அழகியும் விலங்கும், சிவப்புத் தொப்பிச் சிறுமி, வெண்பனி இளவரசி ஆகிய பழங்கதைகளிலிருந்தும், இரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதர் பற்றிய நம்பிக்கைகளிலிருந்தும் பிறந்த பத்துக் கதைகள் அதில் உள்ளன.

காட்டர் 1940 மே மாதம் இங்கிலாந்தின் தென்கரை நகரான ஈஸ்ட்போர்னில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்குத் தப்ப, அம்மம்மா அவரை வடக்கே யோர்க்‌ஷயரின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குக் கூட்டிச் சென்றுவிட்டார். குழந்தைப் பருவத்தின் முதல் ஆண்டுகள் அங்கேதான் கழிந்தன. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை அந்த அம்மம்மாவே அவருக்குச் சொன்னவர். கதை முடியும் இடத்தில், ஓநாய் சிறுமியை விழுங்கும் கட்டத்தில், பேத்தியின் மேல் பாய்ந்து தின்பதுபோல நடிப்பாராம். குழந்தை பயத்திலும் சந்தோசத்திலும் கீச்சிடும். பயங்கரமான கதை பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று அந்தக் கிழவி நினைக்கவில்லை.

தொகுப்பின் முதற் கதையும் மிக நீளமான கதையும் நீலத்தாடியின் மறுகதைதான். நூலின் பெயரே இந்தக் கதைக்கும் பெயர். பதினேழு வயதுப் பியானோ மாணவி ஒருத்தி, பெரும் செல்வந்தனான பிரபு ஒருவனை மணந்து, கடல் ஏறும்போது கரையிலிருந்து துண்டிக்கப்படும் அவனுடைய கோட்டைக்கு இரவு ரயிலில் போகிறாள். அவனை நேசிக்கிறாயா என்று தாய் கேட்கும்போது, அவனைத் திருமணம் செய்ய விரும்புகிறேன் என்றுதான் அவள் பதில் சொல்கிறாள். தாய்க்கும் மகளுக்கும் வறுமை பழகிப்போன ஒன்று. காரணம், தகப்பன் போருக்குப் போய்த் திரும்பி வரவில்லை.

இந்தத் தாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இந்தோ-சீனாவில் தேயிலைத் தோட்ட முதலாளி ஒருவரின் மகள் அவள். பதினெட்டு வயது ஆகும் முன்னரே, ஆட்களைத் தின்ற புலியொன்றைச் சுட்டவள். காதலுக்காகச் செல்வத்தை உதறி ஒரு படைவீரனை மணந்தவள். அவன் அவளுக்கு விட்டுப்போனவை முற்றாகக் காயாத கண்ணீர், ஒரு சுருட்டுப் பெட்டி நிறையப் பதக்கங்கள், ஒரு பழைய இராணுவக் கைத்துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குச் சாமான் வாங்கப் போவாள். மகள் அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவாள்.

கோட்டையில் மகள் அறையைத் திறக்கிறாள். முன்னைய மனைவியர் மூவரையும் காண்கிறாள். கணவன் திரும்பி வந்து, கறைபடிந்த திறப்பை அவளுடைய நெற்றியில் அழுத்துகிறான். கறை நெற்றியில் சிவப்பாகப் பதிந்துவிடுகிறது. வெட்டுவதற்கு வாளை ஓங்குகிறான். அப்போது, ஏறிவரும் கடலைக் கிழித்துக்கொண்டு குதிரையில் வருவது சகோதரர்கள் இல்லை; அந்தத் தாய். இறந்த கணவனின் துப்பாக்கியால், ஒரே வெடியில் மருமகனைச் சுட்டு வீழ்த்துகிறாள்.

தாய் எப்படி அறிந்தாள்? திருமணமாகிப் போன மகள் கோட்டையிலிருந்து தொலைபேசியில் கதைத்திருந்தாள். குறை எதுவும் சொல்லவில்லை. குளியலறையின் தண்ணீர்க் குழாய்கள் தங்கத்தால் ஆனவை என்று சொல்லிவிட்டு அழுதாள், அவ்வளவுதான். தங்கக் குழாய்க்காக யாரும் அழுவார்களா? தொலைபேசியை வைத்த தாய் அடுத்த ரயிலில் ஏறிவிட்டாள். பிள்ளைகளின் குரலை இரண்டு மூன்று நிமிட அழைப்புகளில் மட்டும் கேட்டுப் பழகிய பெற்றோருக்கு இந்த இடம் விளங்கும். சொற்களில் இல்லாதது குரலில் இருக்கும்.

பெரோவின் கதையில் மீண்டு வந்தவள் செல்வத்தைப் பெற்று, நல்லவன் ஒருவனை மணந்து, பழையதை மறந்துவிடுகிறாள். காட்டர் அப்படி முடிக்கவில்லை. பெண் சொத்தின் பெரும்பகுதியைத் தானம் செய்கிறாள். கோட்டை பார்வையற்றோர் பாடசாலை ஆகிறது. பாரிசின் ஓரத்தில் தாயோடும், கோட்டையில் தனக்குத் துணைநின்ற பார்வையற்ற பியானோத் திருத்துநரோடும் வாழ்கிறாள். ஆனால் நெற்றிக் கறை போகவே இல்லை. எந்தப் பூச்சும் அதை மறைப்பதில்லை. தன்னோடு வாழ்பவருக்கு அது தெரியாது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அவருக்குக் கண் தெரிந்திருந்தால் வெட்கப்பட வேண்டியிருக்கும். குற்றம் செய்தவன் இறந்துபோனான். வெட்கம் தப்பியவளிடம் எஞ்சியிருக்கிறது. இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் உண்மையாகப் படுவது இந்தக் கடைசிப் பக்கம். தப்பிவந்த பெண்ணை வீரியாக்கி அனுப்பிவைக்காமல், அநியாயமான அந்த வெட்கத்தை உள்ளபடியே பதிவு செய்கிறது.

இன்னொன்றையும் காட்டர் மாற்றியிருக்கிறார். பெரோவின் கணவன் திறப்பைக் கொடுத்து எச்சரித்துவிட்டுப் போகிறான். மனைவி அவன் சொல் மீறுகிறாள். காட்டரின் பிரபு, அவள் திறப்பாள் என்று தெரிந்தே கொடுக்கிறான். விளையாட்டின் விதிகளை எழுதியவன் அவன். திறந்தாலும் திறக்காவிட்டாலும் அந்த அறையில் நான்காவது இடம் அவளுக்குத்தான். அப்படியிருக்க, ஏன் திறந்தாய் என்று அவளைக் கேட்பதில் என்ன நியாயம்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியோரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் தாய்மாரிடம், பழையதை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்கப்படும்போதெல்லாம், பெரோவின் அந்த நீதிச்செய்யுள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தேவதைக் கதைகளை யாரோ நவீன எழுத்தாளர்கள் வந்து இருட்டாக்கினார்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நடந்தது மறுதலை. பெரோவின் சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றுவிடும். கதை அத்தோடு முடியும். வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்கும் பகுதி, 1812இல் வெளிவந்த ஜேர்மனியின் கிறிம் சகோதரர்களின் தொகுப்பில்தான் நமக்குக் கிடைக்கிறது. அதே கிறிம் தொகுப்பின் முதற் பதிப்பில், பஞ்சத்தால் பிள்ளைகள் இருவரைக் காட்டில் விட்டுவரச் சொல்பவள் பெற்ற தாய்தான். பின்னைய பதிப்புகளில் அவள் சிறிய தாயாக மாற்றப்பட்டாள். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்று வாசகர் முகம் சுளிக்கக்கூடாதே. பசியில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்ட நல்லதங்காளின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தப் பூச்சு தேவைப்பட்டதில்லை. காட்டர் தாம் புதிய பதிப்புகள் எழுதவில்லை, பழைய கதைகளுக்குள் ஏற்கெனவே கிடந்ததையே வெளியே எடுத்ததாகச் சொல்லிவந்தார். ‘வயது வந்தோருக்கான தேவதைக் கதைகள்’ என்று அமெரிக்கப் பதிப்பில் போடப்பட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

தொகுப்பின் இறுதியில் ஓநாய்க் கதைகள் மூன்று உள்ளன. அவற்றில் ‘ஓநாய் மனிதர்’ என்பது ஒருசில பக்கங்களே கொண்டது. குளிர் மிகுந்த வடநாடு. மக்கள் ஏழைகள், பேய்க்கும் சூனியத்துக்கும் பயந்தவர்கள். அயலவரின் பாற்கட்டி முற்றாதபோது ஒரு கிழவியின் பாற்கட்டி மட்டும் முற்றினால் அவள் சூனியக்காரி. கல்லால் எறிந்து கொல்வார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கதை தொடங்குகிறது. சிறுமி ஒருத்தி நோயாளி அம்மம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். காட்டில் ஓநாய் பாய்கிறது. தகப்பனின் கத்தியால் அதன் முன்னங்காலை வெட்டுகிறாள். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போய், வீட்டில் விரித்துப் பார்த்தால், அது ஒரு மனிதக் கை. திருமண மோதிரம் போட்ட, விரலில் பாலுண்ணி உள்ள, அம்மம்மாவின் கை. சிறுமி கத்துகிறாள். அயலவர் ஓடிவருகிறார்கள். உள்ளாடையோடு கிழவியைப் பனிக்குள் இழுத்து, தடிகளால் அடித்து, கல்லெறிந்து கொல்கிறார்கள். பிறகு சிறுமி அம்மம்மாவின் வீட்டில் குடியேறுகிறாள். நன்றாக இருக்கிறாள்.

இவ்வளவுதான் கதை. எந்த நீதியும் இல்லை. ஆனால் இரண்டாம் தடவை வாசிக்கும்போது சில விடயங்கள் உறுத்தும். ஓநாயைக் கண்டது சிறுமி மட்டுமே. அயலவர் பார்த்தது வெட்டுண்ட ஒரு கையையும், கையிழந்து காய்ச்சலில் கிடந்த ஒரு கிழவியையும்தான். விசாரணை என்று ஒன்று நடக்கவில்லை. ஒரு சொல் போதுமாக இருந்தது. முடிவில் வீடு யாருக்குப் போனது என்பதையும் காட்டர் மறக்காமல் எழுதியிருக்கிறார். ஓநாய்தான் அம்மம்மாவா, அல்லது அம்மம்மா ஓநாய் ஆக்கப்பட்டாரா என்று அவர் சொல்வதில்லை. ஒருவர் மீது ஒரு பெயரை ஒட்டிவிட்டால் பிறகு அவருக்கு எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடும் காலங்களைக் கண்ட வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்த கதையான ‘ஓநாய்க் கூட்டம்’ இதற்கு எதிர்த்திசையில் போகிறது. ஓநாய் உன்னைத் தின்னப் போகிறேன் என்றதும் சிறுமி சிரித்துவிடுகிறாள். தான் யாருடைய இறைச்சியும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இது 1984இல் நீல் ஜோர்டனின் இயக்கத்தில் திரைப்படமாக வந்தது. திரைக்கதையில் காட்டரும் பங்கெடுத்தார்.

மூன்றாவது ‘ஓநாய் அலிஸ்’. சுட்டுக் கொல்லப்பட்ட தாய் ஓநாயின் உடலருகே கண்டெடுக்கப்பட்ட மனிதக் குழந்தை அவள். ஓநாய்கள் வளர்த்தவை. கன்னியர் மடத்தில் நாகரிகம் பழக்க முயன்று முடியாமல், ஊரே அஞ்சும் ஒரு பிரபுவின் பாழடைந்த மாளிகைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பிரபு சவக்காலைகளைத் தோண்டிப் பிணம் தின்பவன். கண்ணாடியில் அவனுடைய உருவம் விழாது. இறந்த மணப்பெண் ஒருத்தியின் கணவன் காத்திருந்து அவனைச் சுடுகிறான். காயத்தோடு மாளிகைக்கு வந்து கிடப்பவனின் முகத்தில் இருக்கும் இரத்தத்தையும் மண்ணையும் அலிஸ் ஓநாய்க் குட்டிபோல நக்கித் துடைக்கிறாள். மெல்ல மெல்ல, கண்ணாடியில் அவனுடைய முகம் தெரியத் தொடங்குகிறது. பிணந்தின்னிக்கு இரக்கம் காட்டவேண்டுமா என்ற கேள்வி வாசகருக்கு எழும். எனக்கும் எழுந்தது, அந்த மணப்பெண்ணின் கணவன் பக்கம் நியாயம் உண்டு என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் அலிஸ் மன்னிக்கவும் இல்லை, தீர்ப்புச் சொல்லவும் இல்லை. அடிபட்ட ஒன்றைக் கண்டால் நக்குவது அவள் ஓநாய்களிடம் படித்தது.

போரைப் பற்றி நேரடியாகப் பேசும் கதை ஒன்றும் உண்டு. ‘காதல் மாளிகையின் சீமாட்டி’. முதலாம் உலகப்போருக்கு முந்திய கோடைகாலம். பிரித்தானிய இளம் இராணுவ அதிகாரி ஒருவன் விடுமுறையில் ருமேனிய மலைநாட்டில் துவிச்சக்கரவண்டியில் சுற்றுகிறான். இரத்தக்காட்டேரிப் பரம்பரையின் கடைசிப் பெண்ணின் மாளிகையில் அவனுக்கு ஓர் இரவு தங்கக் கிடைக்கிறது. அவனுக்குப் பேய் நம்பிக்கை இல்லை. ஆதலால் பயமும் இல்லை. அவளுடைய வெளிறிய முகத்தையும் நீண்ட பற்களையும் கண்டு, நல்ல வைத்தியரிடம் காட்டினால் சுகமாகிவிடும் என்றுதான் எண்ணுகிறான். விரலை வெட்டிக்கொண்ட அவளுடைய காயத்தைத் தாய்போல முத்தமிடுகிறான். மனித அன்பு பட்டதும் அவள் இறந்துபோகிறாள், மனிதப் பெண்ணாகவே. அவளிடமிருந்து கிடைத்த வாடிய ரோசாப்பூ ஒன்றோடு அவன் படைமுகாமுக்குத் திரும்புகிறான். பூ தண்ணீரில் மீண்டும் விரிகிறது. மறுநாள் அவனுடைய படையணி பிரான்சுக்குக் கப்பலேறுகிறது.

1914இல் பிரான்சுக்குப் போன அணிகளுக்கு என்ன காத்திருந்தது என்பதை வாசகர் அறிவார். பதுங்கு அகழிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் நச்சு வாயுவும். காட்டேரியால் கொல்ல முடியாதவனை, அவன் நம்பும் அறிவும் ஒழுங்கும் உள்ள உலகமே எடுத்துக்கொள்ளப் போகிறது. காட்டர் இதை ஒரு வசனத்தில் முடித்துவிட்டு நகர்கிறார்.

மற்றக் கதைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அழகியும் விலங்கும் கதையை அவர் இரண்டு தடவை எழுதியிருக்கிறார். ஒன்றில் விலங்கு மனிதனாகிறது. மற்றையதில் சூதாட்டத்தில் தகப்பன் மகளைத் தோற்றுவிட, முடிவில் அவளே புலியாக மாறிவிடுகிறாள். சூதில் பணயமாக வைக்கப்பட்ட பெண்ணைப் பாரதத்தில் கண்டவர்களுக்கு இது அந்நியமாக இராது. பூட்ஸ் போட்ட பூனையின் கதை வெறும் கூத்து, சிரிக்கலாம். ‘ஏர்ல் கிங்’ என்னும் காட்டரசனின் கதை எனக்குச் சற்று அலங்காரம் கூடியதாகப் பட்டது. பொதுவாகவே காட்டரின் வசனம் கனத்த பட்டுப்போல மடிப்பு மடிப்பாக விரிவது; சில பக்கங்களில் வாசகருக்கு மூச்சு முட்டும்.

இந்தத் தொகுப்பை எல்லாப் பெண்ணியவாதிகளும் கொண்டாடிவிடவில்லை. பற்றீசியா டங்கர் 1984இல் எழுதிய கட்டுரை முக்கியமானது. தேவதைக் கதை என்ற வடிவமே ஆணாதிக்கத்தின் இறுக்கமான சட்டை, அதற்குள் நின்று எவ்வளவு மாற்றி எழுதினாலும் பழைய உறவுமுறைதான் மீண்டும் வரும் என்பது அவருடைய வாதம். சில கதைகளில், வேட்டையாடப்படுவதில் பெண்ணுக்கும் ஒரு கவர்ச்சி இருப்பதுபோல் காட்டர் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் நெற்றிக்கறையோடு முடியும் அந்த முதற் கதைக்கும், கிழவி கொல்லப்படும் கதைக்கும் இந்த விமர்சனம் பொருந்தாது என்பது என் கருத்து.

காட்டர் 1992 பெப்ரவரியில், 51 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன் உலகெங்குமுள்ள நாட்டார் கதைகளிலிருந்து பெண்களை மையமாகக் கொண்டவற்றைத் தொகுத்து 1990இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அதன் இரண்டாம் தொகுதி அவர் இறந்த பின்னரே வந்தது.

ஆங்கிலத்தில் வாசிக்க விரும்புவோர் முதற் கதையிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ‘ஓநாய் மனிதர்’ மிகச் சிறியது, மொழியும் இலகு. அதை முதலில் வாசித்துவிட்டு ‘காதல் மாளிகையின் சீமாட்டி’க்கும் பின்னர் நீண்ட முதற் கதைக்கும் போகலாம். ‘பனிக்குழந்தை’ என்ற ஒன்றரைப் பக்கக் கதையில் இறந்த சிறுமி ஒருத்தி மீதான பாலியல் வன்முறை வெளிப்படையாக வருகிறது. அதை வாசிக்க மனம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். மற்றக் கதைகளை விளங்கிக்கொள்ள அது அவசியம் இல்லை.